ஆண்கள் கைப்பந்து நேஷன்ஸ் லீக்: பினாங்கு ரசிகருக்கு ஒரு வழிகாட்டி

தேசிய அணிகள் மோதும் ஆண்கள் கைப்பந்து நேஷன்ஸ் லீக் ஆண்டுதோறும் மே மாதக் கடைசிக்கும் ஆகஸ்ட் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட வாரங்களில் நடக்கிறது. 2025ஆம் ஆண்டு அணிகளின் எண்ணிக்கை 16இலிருந்து 18ஆக உயர்ந்ததால் முதல் சுற்றில் 108 ஆட்டங்கள், இறுதிச் சுற்றில் 8 ஆட்டங்கள் என மொத்தம் 116 ஆட்டங்கள் ஆடப்பட்டன. வேலைக்குப் போகிறவர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர் எவராலும் இத்தனையையும் பார்த்து முடிக்க இயலாது; முடியும் என்று நினைத்து முதல் வாரமே விடிய விடிய விழித்திருப்பவர்கள் இரண்டாம் வாரத்தில் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். பதினைந்து இருபது ஆட்டங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றை ஒழுங்காகப் பார்ப்பதே நல்லது. அந்தத் தேர்வை எப்படிச் செய்வது, தேர்ந்தெடுத்த ஆட்டத்தில் எதைக் கவனிப்பது என்பதைப் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் தமிழ் ரசிகர்களை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

தோட்டத்துத் திடலில் மாலையில் வலை கட்டி ஆடிய தலைமுறைக்கு இந்தப் போட்டியின் பழைய பெயர்தான் நன்கு தெரிந்திருக்கும். 1990 முதல் 2017 வரை அது வேர்ல்ட் லீக் என்ற பெயரில் நடந்தது. முதல் பத்தாண்டில் இத்தாலியும் அடுத்த பத்தாண்டில் பிரேசிலும் கோலோச்சின. மொத்தக் கணக்கில் பிரேசில் 9 முறையும் இத்தாலி 8 முறையும் பட்டம் வென்றன. கடைசி வேர்ல்ட் லீக் பட்டத்தைக் குரிடிபா நகரில் பிரேசிலையே வீழ்த்தி பிரான்ஸ் எடுத்துக்கொண்டது. 2018இல் நேஷன்ஸ் லீக் வந்த பிறகு ரஷ்யா முதல் இரண்டு பட்டங்களையும் வென்றது. பெருந்தொற்றால் 2020இல் போட்டி நடக்கவில்லை. 2021இல் பிரேசில், 2022இல் பிரான்ஸ், 2023இல் போலந்து, 2024இல் மீண்டும் பிரான்ஸ், 2025இல் மீண்டும் போலந்து என்று பட்டம் கைமாறி வந்திருக்கிறது. இரண்டு முறை வென்ற ரஷ்யா ஏன் அதன் பிறகு பட்டியலில் இல்லை என்று கேட்பவர்களுக்கு: உக்ரைன் போரை அடுத்து 2022இல் அந்த அணி விலக்கப்பட்டது.

முதலில் கடிகாரம்

அணியை வைத்து ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கம். ஆனால் மலேசியாவில் இருப்பவர் முதலில் நேரத்தைப் பார்க்க வேண்டும். முதல் சுற்று மூன்று வாரங்கள் நடக்கிறது; ஒவ்வொரு வாரமும் அணிகள் மூன்று நகரங்களுக்குப் பிரிந்து செல்கின்றன; ஓர் அணி வாரத்துக்கு நான்கு ஆட்டம் வீதம் பன்னிரண்டு ஆட்டங்கள் ஆடுகிறது. ஆகவே உங்களுக்குப் பிடித்த அணி ஒரு வாரம் நமக்கு வசதியான நேரத்திலும், மறு வாரம் நடுநிசியிலும் ஆடக்கூடும்.

ஜப்பான் நமக்கு ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது. பிலிப்பீன்சும் சீனாவும் நம் நேரத்திலேயே இருக்கின்றன. ஆசிய நகரங்களில் நடக்கும் ஆட்டங்கள் பிற்பகலிலும் இரவுச் சாப்பாட்டு வேளையிலும் வந்துவிடுவதால் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க அவையே ஏற்றவை. போலந்து, இத்தாலி, பிரான்ஸ், ஸ்லோவேனியா ஆகியவை கோடைக்காலத்தில் நமக்கு ஆறு மணி நேரமும் பல்கேரியாவும் துருக்கியும் ஐந்து மணி நேரமும் பின்னால் இருக்கின்றன. போலந்தின் குடான்ஸ்க் நகரில் இரவு எட்டு மணிக்குச் சொந்த அணி ஆடினால் இங்கே அதிகாலை இரண்டு மணி. அதே நகரில் மாலை ஐந்து மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே இரவு பதினொன்றுக்கு வருகிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மாலை ஷிஃப்ட் முடித்து வீடு திரும்புகிறவர் கைகால் கழுவிவிட்டு அதைப் பார்க்கலாம். ரியோ டி ஜெனிரோ பதினொரு மணி நேரமும் கனடாவின் ஒட்டாவா பன்னிரண்டு மணி நேரமும் பின்னால் இருப்பதால், அங்கே இரவு ஒன்பது மணிக்கு நடப்பது நமக்குக் காலை எட்டு அல்லது ஒன்பது மணிக்கு வரும். இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது. அலுவலகம் செல்பவர் அதை மறுஒளிபரப்பில்தான் பார்த்தாக வேண்டும்.

அமெரிக்கக் கண்டத்து ஆட்டங்களில் தேதியையும் கவனிக்க வேண்டும். அட்டவணை அந்த ஊர்த் தேதியைக் காட்டினால், ஞாயிறு இரவு ஆட்டம் நமக்குத் திங்கள் காலை ஆட்டம். கைப்பேசியின் நாட்காட்டியில் ஆட்டத்தைக் குறிக்கும்போது, நடக்கும் ஊரின் நேரத்தை அப்படியே எழுதாமல் மலேசிய நேரத்துக்கு மாற்றி, தேதியையும் சரிபார்த்துக் குறியுங்கள். அட்டவணை சில நேரம் சொந்த அணியின் ஒளிபரப்பு வசதிக்காக மாறும் என்பதால் முதல் நாள் இரவு மறுபடியும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஒளிபரப்பும் மறுஒளிபரப்பும்

சர்வதேசக் கைப்பந்து ஆட்டங்களுக்கென்று விபிடிவி என்ற இணைய ஒளிபரப்புச் சேவை இருக்கிறது. கட்டணச் சேவைதான், ஆனால் போட்டி ஏறத்தாழ இரண்டு மாதங்களில் முடிந்துவிடுவதால், மற்ற போட்டிகளில் ஈடுபாடு இல்லாதவர் ஆண்டு முழுவதற்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. ஒரு நாட்டில் வேறொரு தொலைக்காட்சி நிறுவனம் உரிமை வாங்கியிருந்தால் இத்தகைய சேவையில் சில ஆட்டங்கள் அந்த நாட்டில் தெரியாமல் போகலாம். எனவே பணம் கட்டுவதற்கு முன், அந்த ஆண்டு மலேசியாவில் எவை தெரியும் என்பதைச் சேவையின் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மாமாக் கடையின் பெரிய திரையில் நண்பர்களோடு பார்க்கும் எண்ணம் இருந்தால், வீட்டுக்கென எடுத்த தனிநபர் சந்தாவைக் கடையில் போட்டுக் காட்டுவது வேறு விஷயம் என்பதை நினைவில் வையுங்கள். கடைக்காரருக்கு எந்த அலைவரிசைக்கு அனுமதி இருக்கிறதோ அதில் வரும் ஆட்டங்களை மட்டும் அங்கே பாருங்கள்.

மறுஒளிபரப்பில் பார்ப்பவருக்கு ஒரே எதிரி, முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுவதுதான். கைப்பந்துச் செயலிகளின் அறிவிப்பை இரவே அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவை மௌனமாக்குங்கள். குழுவில் ஒருவராவது "என்ன ஆட்டம்டா அது!" என்று போட்டிருப்பார். அதிலிருந்தே ஐந்து செட் போயிருக்கிறது என்று ஊகித்துவிடலாம்.

புள்ளிப் பட்டியலை வாசிப்பது

காற்பந்துப் பட்டியலைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே குழம்பிப்போவார்கள். 3-0 அல்லது 3-1 என்ற செட் கணக்கில் வென்றால் 3 புள்ளிகள். 3-2 என்று வென்றால் 2 புள்ளிகள், தோற்ற அணிக்கும் 1 புள்ளி. ஆனால் நேஷன்ஸ் லீக்கில் வரிசையை முதலில் தீர்மானிப்பது புள்ளி இல்லை, வெற்றிகளின் எண்ணிக்கைதான். 8 வெற்றிகளில் இரண்டை ஐந்தாவது செட்டில் பெற்று 22 புள்ளிகளோடு நிற்கும் அணி, 7 வெற்றிகளும் மூன்று ஐந்து-செட் தோல்விகளுமாக 24 புள்ளிகள் சேர்த்த அணிக்கு மேலே இருக்கும். வெற்றிகள் சமமானால் புள்ளி, அதுவும் சமமானால் செட் விகிதம் (வென்ற செட்டுகளுக்கும் இழந்த செட்டுகளுக்கும் உள்ள விகிதம்) என்று கணக்கு இறங்கிச் செல்லும்.

முதல் எட்டு இடங்களைப் பெறுபவை இறுதிச் சுற்றுக்குப் போகின்றன. அந்தச் சுற்றை நடத்தும் நாடு எட்டுக்குள் வராவிட்டாலும் அதற்கு ஓரிடம் உறுதி. 2025இல் பட்டியலின் கீழ்ப்பகுதியில் இருந்த சீனா, நிங்போ நகரில் காலிறுதியில் முதலிடத்துப் பிரேசிலை எதிர்கொண்டது இப்படித்தான். அதனால் கடைசி வாரத்தில் எட்டாம் இடத்துக்கு மோதும் அணிகள் உண்மையில் ஏழாம் இடத்துக்கே மோதிக்கொண்டிருக்கலாம்; இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், பெயர்பெறாத இரு அணிகளின் ஆட்டமும் பரபரப்பாக இருக்கும். அதேபோல் கடைசி இடம் பெறும் அணி வெளியேற்றப்படுகிறது. 2025இல் நெதர்லாந்து அப்படி வெளியேறியது. 1996இல் வேர்ல்ட் லீக் பட்டம் வென்ற நாடு அது. மூன்றாம் வாரத்தில் எனக்கு ஐந்து ஆட்டங்களே பார்க்க முடியும் என்றால் அவற்றில் இரண்டைப் பட்டியலின் அடியிலிருந்தே எடுப்பேன்.

உலகத் தரவரிசையும் ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பின்னும் மாறுகிறது. பலமான அணி பலவீனமான அணியிடம் தோற்றால் அதிகமாக இழக்கும். எதிர்பார்த்தபடி வென்றால் சிறிதளவே பெறும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் இடங்களில் ஒரு பகுதி இந்தத் தரவரிசையின்படியே நிரப்பப்பட்டது. ஆகவே காலிறுதி வாய்ப்பை இழந்துவிட்ட அணி கடைசி ஆட்டத்திலும் உயிரைக் கொடுத்து ஆடினால் வியப்படைய வேண்டாம்.

இன்னொன்று: ஒவ்வொரு வாரத்துக்கும் 14 ஆட்டக்காரர்களைப் பயிற்றுநர் தனியாக அறிவிக்கிறார். கிளப் பருவம் முடிந்த களைப்பு இருப்பதால் பெரிய அணிகள் முதல் வாரத்தில் நட்சத்திரங்களுக்கு ஓய்வு கொடுப்பது சகஜம். போலந்தின் வில்ஃப்ரெடோ லியோனைப் பார்க்கத்தான் இரண்டு மணிவரை விழிக்கிறீர்கள் என்றால், தூக்கத்தைத் தியாகம் செய்வதற்கு முன் அந்த வாரப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆட்டத்தைப் பார்ப்பது

பெரும்பாலோர் அடியை மட்டும் பார்க்கிறார்கள். பந்து வலைக்கு மேலே எழும்போதுதான் கண் திரைக்குப் போகிறது; அதற்குள் ஆட்டத்தின் பாதி தீர்ந்துவிட்டிருக்கும். ஆண்கள் ஆட்டத்தில் வலையின் உயரம் 2.43 மீட்டர், திடலின் நீளம் 18 மீட்டர். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சர்வீஸ், அடித்தவர் கையிலிருந்து எதிர்ப் பின்கோட்டை அடைய அரை நொடிக்குச் சற்று அதிகமாகவே எடுத்துக்கொள்ளும். அந்த அரை நொடியில் முன்கையை நீட்டிப் பந்தை வாங்குகிறவர், அதைச் செட்டர் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) நிற்கும் இடத்துக்கு அனுப்பினாரா, வலையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் கோட்டுக்கு அப்பால் சிதறவிட்டாரா என்பதில்தான் அடுத்த அடியின் தரம் அடங்கியிருக்கிறது. தோட்டத்து அணிக்குப் பயிற்சி கொடுத்த பெரியவர்கள் "தம்பி, அடிக்கிறவன விடு, எடுக்கிறவனப் பாரு" என்று சொல்வது இதைத்தான்.

இதற்குப் பழக ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். பள்ளிப் பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டு இருந்தால் இன்னும் நல்லது. ஓர் அணியை மட்டும் எடுத்துக்கொண்டு, அது சர்வீஸை வாங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கட்டத்தில் ஓர் எண் எழுதுங்கள். செட்டர் இடம் மாறாமல் நின்று நடு பிளாக்கர் (வலையின் நடுவில் நின்று எதிரணியின் அடியைத் தடுப்பவர்) உட்பட எவருக்கும் கொடுக்கக்கூடியதாகப் பந்து வந்தால் 3. செட்டர் இரண்டு மூன்று அடி நகர்ந்தும் பல வழிகள் திறந்திருந்தால் 2. அவர் ஓடிப்போய்ப் பந்தை ஓரத்துக்கு உயரத் தூக்குவதைத் தவிர வேறு வழியில்லை என்றால் 1. பந்து திடலில் விழுந்தால், அல்லது ஆட முடியாமல் சிதறினால் 0. பயிற்றுநர்கள் பயன்படுத்தும் அளவுகோல்தான் இது. எண்ணுக்குப் பக்கத்தில் அந்தப் புள்ளியை வென்றால் ஒரு சிறு கோடு போடுங்கள். செட் முடிந்து கட்டங்களைப் பார்த்தால், 3க்குப் பக்கத்தில் கோடுகள் நெருங்கியும் 1க்குப் பக்கத்தில் அருகியும் இருப்பது தெரியும். 1க்குப் பக்கத்திலும் கோடுகள் விழுந்துகொண்டே இருந்தால், அந்த அணியில் கெட்ட பந்தையும் புள்ளியாக்கும் ஒருவர் இருக்கிறார். அவர் யாரென்று தேடுங்கள். இரண்டாவது செட்டில் 3கள் குறைந்து 1கள் பெருகினால், எதிரணி சர்வீஸ் போடும் இடத்தை மாற்றியிருக்கிறது என்று பொருள். பந்து இரண்டு ஆட்டக்காரர்களுக்கு நடுவே விழுகிறதா, அல்லது ஒருவரையே குறிவைக்கிறதா என்று அப்போது பாருங்கள்.

ஜப்பான் அணி இந்த நோட்டுக்கென்றே பிறந்த அணி. உயரத்தில் ஐரோப்பியர்களோடு போட்டியிட முடியாத நிலையில், தொமொஹிரோ யமமொத்தோ போன்ற லிபரோவின் (பின்வரிசையில் பந்து எடுப்பதற்கென்றே ஆடுபவர்) பந்து எடுப்பையும் யூகி இஷிகாவா, ரான் தகாஹாஷி ஆகியோரின் முழுமையான ஆட்டத்தையும் நம்பி 2023இல் மூன்றாம் இடத்துக்கும் 2024இல் வூட்ஜ் நகரின் இறுதி ஆட்டத்துக்கும் வந்தது. நேரமும் நமக்கு ஒத்துவருவதால் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர் ஜப்பானிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. நேஷன்ஸ் லீக்கில் மலேசியா இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைபோல் ஆதரிக்க ஓர் ஆசிய அணி வேண்டுமென்றாலும் ஜப்பானே.

முதல் தொடுதல் கண்ணுக்குப் பழகிய பிறகு செட்டரைத் தேடுங்கள். ஆறு பேரும் சர்வீஸைத் திரும்பப் பெறும் ஒவ்வொரு முறையும் கடிகாரத் திசையில் ஓரிடம் நகர்வார்கள். செட்டர் பின்வரிசையில் இருக்கும்போது முன்னால் மூன்று பேர் அடிக்கலாம். அவர் முன்வரிசைக்கு வந்துவிட்டால் இரண்டு பேர்தான், மூன்றாவது அடி பின்வரிசையிலிருந்து மூன்று மீட்டர் கோட்டுக்குப் பின்னால் எழும்பி வர வேண்டும். நன்றாகப் போய்க்கொண்டிருந்த அணி திடீரென்று நான்கைந்து புள்ளிகளைத் தொடர்ந்து இழப்பதைப் பார்த்தால், பல நேரம் செட்டர் முன்வரிசையில் இருப்பார். இந்தப் பள்ளத்தைத் தாண்டத்தான் பயிற்றுநர்கள் செட்டரையும் அவருக்கு எதிர்மூலையில் ஆடும் ஆப்போசிட்டையும் ஒரே நேரத்தில் வெளியே எடுத்து, மாற்றுச் செட்டரைப் பின்வரிசையிலும் மாற்று அடிப்பவரை முன்வரிசையிலும் இறக்குகிறார்கள். ஒரு செட்டுக்கு ஆறு மாற்றங்களே அனுமதி. அவற்றில் நான்கு இந்த ஒரு தந்திரத்துக்கே போய்விடும், இரண்டு போகும்போது, இரண்டு திரும்பும்போது. இத்தாலியின் சிமோனே ஜான்னெல்லியைப் போல ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரமுள்ள செட்டர் இருந்தால் இந்தக் கவலை குறையும். அவரே பிளாக் போடுவார், இரண்டாவது தொடுதலிலேயே பந்தை எதிர்ப்பக்கம் தள்ளிப் புள்ளியும் எடுப்பார்.

வேறு நிற ஜெர்சியில் இருப்பவர் லிபரோ. அவர் பின்வரிசையில் மட்டும் ஆடுவார். சர்வீஸ் போடவும் பிளாக் செய்யவும் அவருக்கு அனுமதி இல்லை. வீடியோ முறையீடு வரும்போது எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடாதீர்கள். பிளாக்கரின் விரல் நுனியில் பந்து உரசியதா, வலையை யாராவது தொட்டாரா என்று மெதுவோட்டத்தில் காட்டும் அந்தச் சில நொடிகளில்தான் கைகள் வலைக்கு மேல் எப்படி அமைந்திருந்தன என்பது தெளிவாகத் தெரியும்.

2-0 ஆனதும் உறங்கப் போவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நேஷன்ஸ் லீக் ஆட்டம் இல்லையென்றாலும், 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் இத்தாலிக்கு எதிராக 2-0 என்று முன்னிலை பெற்று, மூன்றாவது செட்டில் ஆட்டத்தை முடிக்கும் புள்ளிக்கும் வந்த ஜப்பான், 3-2 என்று தோற்றது.

இறுதிச் சுற்றும் நேரில் போவதும்

காலிறுதி முதல் ஒவ்வொன்றும் ஒரே ஆட்டம்; தோற்றால் வீடு. முதல் சுற்றின் பன்னிரண்டு ஆட்டங்களில் சேர்த்த பெருமை அங்கே உதவாது. 2025இல் முதலிடம் பெற்ற பிரேசில் அரையிறுதியில் போலந்திடம் தோற்றது. போலந்து இறுதியில் இத்தாலியை 3-0 என்று வென்றது. இந்த எட்டு ஆட்டங்களையும் நேரலையில் பார்க்கும்படி விடுப்பைத் திட்டமிடுங்கள். மற்றவற்றில் மறுஒளிபரப்பு போதும்.

நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் ஐரோப்பா வரை போக வேண்டியதில்லை. பிலிப்பீன்ஸ் 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆண்கள் முதல் சுற்றின் ஒரு வாரத்தை மணிலா வட்டாரத்தில் நடத்தியது. ஜப்பானும் அந்த மூன்று ஆண்டுகளிலும் நடத்தியது. மணிலாவுக்குக் கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரப் பறப்பு. குறுகிய சுற்றுலாவுக்கு மலேசியக் கடவுச்சீட்டுக்கு இரு நாடுகளிலும் விசா கேட்பதில்லை. பிலிப்பீன்சுக்கு மட்டும் புறப்படுமுன் இணையத்தில் பயணப் பதிவு செய்ய வேண்டும். அந்த ஆண்டு எந்த நகரம் எந்த அணிகளை அழைக்கிறது என்ற அட்டவணை வெளியான பிறகே விமானச் சீட்டு வாங்குங்கள். ஒரு நகரத்துக்கு எல்லா அணிகளும் வருவதில்லை; ஜப்பான் ரசிகர் ஒருவர் ஜப்பான் வராத வாரத்தில் போய் இறங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இருக்கை விஷயத்தில் பலரும் திடலின் நீளவாட்டில், வலைக்கு நேராக, முதல் வரிசைகளைத் தேடுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் அடியின் சத்தம் கேட்கும், ஆட்டக்காரர் முகம் தெரியும், ஆட்டம் தெரியாது. பின்கோட்டுக்குப் பின்னால், நடுத்தர உயரத்தில் இருக்கும் வரிசையைக் கேளுங்கள். சர்வீஸ் எந்த இடைவெளியைத் தேடிப் போகிறது, பிளாக்கர்கள் எந்தக் கணத்தில் நகரத் தொடங்குகிறார்கள், செட்டர் அவர்களை எந்தப் பக்கம் ஏமாற்றி அனுப்புகிறார் என்பதெல்லாம் அங்கிருந்து முழுதாகத் தெரியும்.